கடைக் காட்சியை வெட்ட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டங்களைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த அறிமுகக் கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தோம். ஆனால் கதையைச் சொல்லி ஆட்டத்தை வழிநடத்தும் புதிய நடத்துநர்களுக்கு அதில் சொல்லப்பட்ட ஓர் ஆலோசனையை ஏற்பதற்கில்லை. கதாபாத்திரங்கள் கடைக்குப் போகும் காட்சி இழுவையாகிவிடும், விலைப்பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு நேரே அடுத்த சாகசத்துக்குப் போய்விடலாம் என்கிறது கட்டுரை.

இழுவை என்ற புகார் நியாயமானது. கடைக்குள் நுழைந்ததுமே ஒருவர் கைபேசியை எடுக்கிறார், இன்னொருவர் டீ போட எழுந்து போகிறார். 'கயிறு இருக்கா?' 'இருக்கு, ஒரு பொற்காசு.' தங்கள் கதாபாத்திரத்தின் குறிப்புத் தாளில் எழுதிக்கொள்கிறார்கள். யாரும் எதையும் யோசித்து முடிவு செய்யவில்லை, எதையும் இழக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட காட்சி இழுக்கத்தான் செய்யும்.

ஆனால் கடையையே தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். 1974 இல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் ஆரம்பகாலப் பதிப்புகளில், பாதாளத்திலிருந்து மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி. தங்கமே கதாபாத்திரத்தை வளர்த்தது. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த விதி இல்லை (கீழே வரும் விலைகளும் எண்களும் அந்தப் பதிப்பின்படி). அங்கே தங்கத்துக்கு மிஞ்சியிருக்கும் வேலை செலவாவது மட்டுமே. செலவழிக்கும் இடத்தையும் வெட்டிவிட்டால், டிராகனின் குகையில் உயிரைப் பணயம் வைத்து எடுத்த புதையல் தாளின் ஓரத்தில் கிடக்கும் வெறும் எண்ணாகிவிடும்.

வெட்டலாம் என்று நாங்களும் சொல்வது அன்றாடச் சாமான்களை. இருபது அம்பு ஒரு பொற்காசு, ஒரு நாள் கட்டுச்சோறு ஐந்து வெள்ளிக்காசு, தீப்பந்தம் ஒரு செப்புக்காசு. இவற்றுக்குக் காட்சி வேண்டாம். அடுத்த அமர்வுக்கு இரண்டு நாள் முன்பே பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னால் போதும்; விதிநூல் விலைக்குக் கழித்துக்கொள்ளலாம். மேசையில் நடிக்கிற கடை ஓர் அமர்வுக்கு ஒன்று, அதுவும் கால் மணி நேரத்துக்குள்.

அந்த ஒரு கடைக்கு அஞ்சலட்டை அளவுச் சீட்டில் ஐந்து வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நுழைந்ததும் கண்ணிலோ மூக்கிலோ படுவது, கடைக்காரருக்கு இன்றைக்கு இருக்கும் கவலை, தட்டுப்பாடான சரக்கு, விற்பனைக்கு இல்லாத ஒரு பொருள், அவருக்குத் தெரிந்த ஒரு சேதி. கடைக்காரரின் மூன்று தலைமுறை வரலாற்றை எழுதி வைப்பதில் பயனில்லை, ஆட்டக்காரர்கள் அதைக் கேட்பதே இல்லை.

துறைமுக ஊரில் ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். காயம் ஆற்றும் மருந்தின் விலை விதிப்படி 50 பொற்காசு. குடித்தால் இரண்டு நான்குமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு 2 சேர்த்து, சராசரியாக 7 உயிர்ப்புள்ளி திரும்பும். குழுவில் ஐந்து பேர், அலமாரியில் மூன்றே குப்பிகள். அவற்றில் ஒன்று, பாய்மரத்திலிருந்து விழுந்து கிடக்கும் ஒரு மாலுமிக்காக அட்வான்ஸ் வாங்கி எடுத்துவைத்தது. மலைப்பாதையில் மூலிகை வண்டி நின்றுபோய்ப் பத்து நாளாகிறது. இப்போது பேச விஷயம் இருக்கிறது. இரண்டு குப்பியை யார் வைத்துக்கொள்வது? மூன்றாவதைக் கூடுதல் விலை கொடுத்துக் கேட்பதா? வண்டிக்கு என்ன ஆனது என்று பார்த்து வந்தால் கடைக்காரர் என்ன தருவார்? நடத்துநர் சண்டைக்குத் தனியாகத் தூண்டில் போட வேண்டியதில்லை. மலைப்பாதைக்கு அவர்களாகவே கிளம்புவார்கள்.

இங்கே பலர் சறுக்குவது இரக்கத்தால். ஆட்டக்காரர் முகம் வாடியதும் 'உள்ளே இன்னும் ரெண்டு இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். அந்த நிமிடமே தட்டுப்பாடு பொய்யாகிவிடும், அடுத்த கடையில் 'இல்லை' என்று சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்கள். எண்ணிக்கையை முன்கூட்டியே சீட்டில் எழுதுங்கள், எழுதியதை மாற்றாதீர்கள்.

பேரம்தான் அதிகமாகச் சொதப்பும் இடம். எல்லோரும் பேரத்தைப் பாட்டும் பேச்சும் கைவந்த பாணர் கதாபாத்திரத்திடம் விட்டுவிடுவார்கள். கவர்ச்சிப் பண்பு 16, பெர்சுவேஷன் எனப்படும் பேசி இணங்கவைக்கும் திறனில் தனித்தேர்ச்சி என்று இருந்தால் மூன்றாம் நிலையிலேயே பாணரின் கூட்டல், அதாவது பகடையில் விழும் எண்ணோடு சேர்ப்பது, 7. எட்ட வேண்டிய இலக்கு எண் 15 என்றால் இருபதுமுகப் பகடையில் 8 விழுந்தாலே போதும், வெற்றி வாய்ப்பு 65 சதவீதம். கூட்டல் எதுவும் இல்லாத போர்வீரருக்கு 30 சதவீதம். ஆகவே போர்வீரர் வாயே திறக்கமாட்டார். இத்தனையும் எதற்கு? 50 பொற்காசு மருந்தில் பத்து சதவீதம் என்றால் ஐந்து காசு. ஐந்து காசுக்காகப் பத்து நிமிடம் போகிறது. 1,500 பொற்காசு பெறும் முழுத் தகட்டுக் கவசத்துக்குப் பேரம் பேசினால் அர்த்தமுண்டு, மிச்சம் 150.

நாங்கள் பரிந்துரைப்பது இது. ஒரு கடையில் ஒரே ஒரு பேரப் பகடை. அதை உருட்டுபவர், கடைக்காரரின் கவலையைத் தொட்டுப் பேசியவர். அவர் பாணராக இருக்க வேண்டியதில்லை. கருமாரிடம் இரும்பின் தரத்தைப் பற்றிப் பேசிய போர்வீரருக்கு இலக்கு எண்ணை 15 இலிருந்து 10 ஆக இறக்கலாம். வென்றால் விலையைக் குறைக்காமல் கொசுறு கொடுங்கள்: வாள் வாங்கியவருக்கு உறை, கவசம் வாங்கியவருக்கு ஒரு முறை இலவசப் பழுது. கொசுறு கையில் தங்கும், பெயரோடு நினைவில் நிற்கும். குறைந்த ஐந்து காசு எவர் நினைவிலும் நிற்காது. தோற்றால் கதவைச் சாத்த வேண்டாம். விலை அப்படியே இருக்கட்டும், கூடவே கடைக்காரர் ஒரு வேலையைத் தலையில் கட்டட்டும். பகடையில் 20 விழுந்துவிட்டது என்பதற்காகப் பாதி விலைக்குக் கொடுப்பது தவறு. கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும் எல்லை ஒன்று உண்டு, அதற்குக் கீழே எந்தப் பகடையும் போகாது.

வாங்குவதைவிட விற்பதில்தான் சுவாரசியம் அதிகம். காப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் பன்னிரண்டு பேரை வீழ்த்தியதும் பன்னிரண்டு வளைவாள்களையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். ஒன்று 25 பொற்காசு. விற்றால் பாதி விலை என்ற விதியை நடத்துநர் அப்படியே போட்டால் முதல் நிலையிலேயே 150 பொற்காசு கைக்கு வந்துவிடும், பிறகு எந்தக் கூலியும் அவர்களை அசைக்காது. பாதி விலை பழுதில்லாத பொருளுக்குத்தான் என்பதும், அரக்கர்கள் கையாண்ட ஆயுதங்கள் விற்கும் நிலையில் இருப்பது அரிது என்பதும் அதே விதிநூலில் இருக்கின்றன. பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கருமார் சொல்லட்டும். நல்ல பொருளே ஆனாலும், சிற்றூர்க் கடையின் கல்லாவில் 150 பொற்காசு இருக்காது. முப்பதைக் கையில் கொடுத்து மீதியைக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பாக்கிக்காக அவர்கள் அதே கடைக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். கருமாருக்கு ஆபத்து வந்தால் ஓடியும் வருவார்கள். இரத்தினக் கற்களும் கலைப்பொருள்களும் மட்டும் முழு மதிப்புக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

காசின் எடையையும் கணக்கில் எடுங்கள். ஐம்பது காசு ஒரு பவுண்டு. கவசத்துக்கான 1,500 பொற்காசு 30 பவுண்டு, பதிமூன்றரை கிலோவுக்கு மேல். அதைத் தெருவில் யார் தூக்கிப் போகிறார், யார் பார்க்கிறார் என்று கேட்டாலே காட்சி சூடுபிடித்துக்கொள்ளும். கீழ்நிலைப் புதையல் அட்டவணையில் சராசரியாக வரும் 2,100 செப்புக்காசின் எடை 42 பவுண்டு, மதிப்பு 21 பொற்காசுதான். இதற்கென்றே ஒரு நாணய மாற்றுக் கடை வைக்கலாம். பத்துக்கு ஒன்று தரகு பிடித்துக்கொள்ளும் அந்த மனிதர், காசில் பொறித்த பழைய அரசரின் முகத்தைப் பார்த்ததும் எங்கே கிடைத்தது என்று கேட்பார்.

மந்திரப் பொருள்களை விலை எழுதி அலமாரியில் அடுக்கக் கூடாது. 2017 இல் வந்த துணை விதிநூல் இதற்கு நல்ல வழி காட்டுகிறது: விற்பவரைத் தேடவே ஒரு வாரமும் 100 பொற்காசும் செலவாகும், அதன் பிறகுதான் பகடை. கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு நூறுக்கும், ஒவ்வொரு வாரத்துக்கும் பகடை எண்ணோடு ஒன்று கூடும், உச்சம் பத்து. தேடலில் சிக்கல் முளைக்கப் பத்து சதவீத வாய்ப்பும் உண்டு. ஆகவே பொருளைவிட அதை வைத்திருப்பவர் யார், ஏன் விற்கிறார் என்பதே காட்சியாகும்.

இறந்தவரை ஒரு நிமிடத்துக்குள் மீட்கும் 'ரிவிவிஃபை' மந்திரத்துக்கு 300 பொற்காசு பெறும் வைரம் வேண்டும், ஒரு தடவையில் அது கரைந்துபோகும். அதை வாங்கியதாகத் தாளில் எழுதவிட்டு நகர்வது பெரிய இழப்பு. ஊரில் ஒரே ஒரு வைரம், அது நகைக்கடைக்காரரின் மனைவி கழுத்தில் என்று வையுங்கள். குழுவின் ஓர் உயிர் அந்தச் சங்கிலியில் தொங்குகிறது. அவர்களுக்கு அது ஏன் வேண்டும் என்று நகைக்கடைக்காரருக்கும் தெரியும்.

ஆளுக்கொரு கடையாகப் பிரிந்து போனால் ஒருவர் பேசும்போது நால்வர் சும்மா இருக்க நேரும். எல்லோரையும் ஒரே கடைக்குள் கொண்டுவருவது நல்லது. பிரிந்தே தீருவார்கள் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம். காத்திருப்பவரிடம் சீட்டைக் கொடுத்து, 'நீங்கதான் கடைக்காரர் மகள், சீட்டில் இருக்கிற கூண்டை மட்டும் விற்கவிடக் கூடாது' என்று வேடம் கொடுங்கள். அவர் கைபேசியை எடுக்கமாட்டார்.

திருட்டு கட்டாயம் வரும். சாதாரணக் குடிமக்களுக்கு விதிநூல் தரும் உயிர்ப்புள்ளி 4, கவனிக்கும் திறன் 10. கைதேர்ந்த திருடருக்கு அது தடையே அல்ல. இதைச் சமாளிக்கக் கடைக்காரர்கள் எல்லோரையும் ஓய்வுபெற்ற மாயாவிகளாக மாற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அது ஆட்டத்தைக் கெடுக்கும். ஆட்டக்காரர்கள் அதைத் தண்டனையாகப் பார்ப்பார்கள், உலகத்தின் மீதான நம்பிக்கையும் போய்விடும். திருட்டை நடக்கவிடுங்கள். கடைப்பையன் அந்தியில் சரக்கை எண்ணட்டும். மறுநாள் தெருவின் மற்ற கடைக்காரர்களும் 'உங்களுக்கு இல்லை' என்று சொல்லட்டும்.

குரல் மாற்றி நடிக்க வராதே என்று தயங்குவோர் உண்டு. ஒரே ஒரு பழக்கம் போதும்: காசை மூன்று முறை எண்ணுவது, கண்ணைப் பார்க்காமல் தராசை மட்டும் பார்ப்பது. தமிழில் ஆடுவோருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. முதல் நாள் 'என்ன வேணும்?' என்று மொட்டையாகக் கேட்ட கடைக்காரர், மூலிகை வண்டியை மீட்டு வந்த பின் 'வாங்க தம்பி, உட்காருங்க' என்று சொன்னால் உறவு மாறியது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இணைப்பில் இடம் இருந்தால், அந்த ஐந்து வரிச் சீட்டை வாசகர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளும்படி கட்டமிட்டு வெளியிட வேண்டுகிறோம். மாதிரிக்கு ஒன்று நிரப்பித் தருகிறோம். கடை: கருமார் பட்டறை. நுழைந்ததும்: உலை அணைந்து கிடக்கிறது. கவலை: கரி வாங்கப் பணமில்லை. தட்டுப்பாடு: சங்கிலிக் கவசம் ஒன்றே ஒன்று, 75 பொற்காசு. விற்பனைக்கு இல்லை: சுவரில் தொங்கும் உடைந்த ஈட்டி. சேதி: நேற்று இரவு யாரோ வந்து நாற்பது கைவிலங்குகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
மேசை ஆட்ட நடத்துநர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.