செங்காவியில் கார்பன் ஏது?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பாறை ஓவியக் கட்டுரை அருமை. ஒரு திருத்தம் மட்டும். செங்காவியைக் கார்பன் முறையில் சோதித்து வயது கண்டார்கள் என்று எழுதியிருந்தது. செங்காவியின் சிவப்பு இரும்பு ஆக்சைடு தருவது. அதில் கார்பனே கிடையாது. அப்புறம் எதை அளப்பது?

பிரான்சில் ஷோவே குகையின் கறுப்புக் கோடுகள் மரக்கரியால் போட்டவை. கரியில் கார்பன் இருந்ததால், அவற்றில் சில 30,000 ஆண்டுகளுக்கும் பழையவை என்று நேரடியாகத் தெரிந்தது. அதே நாட்டு லாஸ்கோ குகையிலும் கறுப்பு உண்டு; ஆனால் அது பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பாறையைச் சுரண்டாமலே இதைப் பிரித்துச் சொல்லலாம்: லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பார்க்க வேண்டும். 1928-இல் நம் சி.வி. ராமன் கண்டறிந்த விளைவுதான் இதற்கு அடிப்படை. கட்டுரை இதை விட்டுவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சென்ற மாதம் விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைக்குப் பாறை ஓவியங்களைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருவர் போட்டோ பளிச்சென்று வரட்டும் என்று செங்காவி உருவத்தின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். நனைந்ததும் சிவப்பு எழுந்து நின்றது, சரி. தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியுமே! நாளைக்கு அந்த லேசர் கருவியோடு வருபவர் காவியைப் பார்ப்பாரா, அந்த உப்பைப் பார்ப்பாரா? ‘ஓவியத்தை நனைக்காதீர்கள்’ என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

– ஒரு வாசகர், திருக்கோவிலூர்