மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுத்தந்த அண்ணனுக்கு

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையில் பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் வாரம். தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்ததும் நான்கு வருடப் படிப்பு எங்கேயோ போய்விட்டது. ஒரே ஷாஃப்டை (உருளைத் தண்டை) மூன்று முறை அளந்தேன். மூன்றும் வேறு வேறு.

பக்கத்தில் நின்ற கான்ட்ராக்ட் ஃபிட்டர் அண்ணன் சிரிக்கவில்லை. "தம்பி, திம்பிளைப் புடிச்சு முறுக்காத. தொடுற நேரத்துல ராட்செட்டைத் திருப்பு. டிக் டிக்னு கேட்டா நிறுத்து" என்றார். திம்பிள் என்பது கருவியின் சுழலும் உருளைப் பிடி; ராட்செட் அதன் நுனியில் இருக்கும் சிறு திருகு. அளக்கும் முகங்களைத் துடைத்து, மூடி, பூஜ்யப் பிழை (பூஜ்யத்தில் நிற்காமல் விலகுவது) இருக்கிறதா என்றும் முதலில் பார்க்கச் சொன்னார். அப்புறம் அளந்தபோது 0.01 மி.மீ. கூட மாறவில்லை.

மறுநாள் தேடினேன். வேறு சைட்டுக்குப் போய்விட்டாராம். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை, என் புத்தி அப்படி! அண்ணே, பங்கு போட்டுக் கொடுத்த அந்த அரை டீக்கும் சேர்த்து நன்றி.