பூப்பறிக்கும் நோம்பிக்குப் பூ மிஞ்ச வேண்டும்: நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
கரட்டடி ஊர்ப் பெண்களும் பொதுமக்களும்

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்

பொருள்: கரட்டுக்கு (பாறைக் குன்றுக்கு) செல்லும் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்தடத்தில்) ஆவாரஞ்செடிகளை ஜேசிபி கொண்டு பிடுங்குவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ஆடி, புரட்டாசி, கார்த்திகை மாதங்களில் நேரில் அளித்த மூன்று மனுக்கள்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பஸ் நிற்கும் ஆலமரத்திலிருந்து மேற்கே கரட்டுக்குப் போகும் இட்டேரி தாங்கள் அறிந்ததே. தை 3 அன்று பூப்பறிக்கும் நோம்பிக்குப் பெண்கள் போக இருக்கிற தடம் அது ஒன்றுதான். மார்கழி முழுக்க வாசலில் பூசணிப்பூச் செருகி வைத்த சாணிப் பிள்ளையார்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு மூன்று மணிவாக்கில் கிளம்புவார்கள். வழியெல்லாம் ஆவாரம்பூ பறித்து, பாறைமேல் கும்மியடித்து, முறுக்கும் கச்சாயமும் கரும்பும் தின்று, பிள்ளையார்களைக் குட்டையில் கரைத்துவிட்டுப் பொழுது விழுமுன் திரும்ப வேண்டும். திருப்பூருக்கும் கோவைக்கும் வாக்கப்பட்டுப் போன பெண்கள் இந்த ஒரு நாளுக்காகவே பிள்ளைகளோடு வருகிறார்கள். எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. தடத்தைச் சுத்தம் செய்ய ஆண்டுதோறும் கார்த்திகைக் கடைசியில்தான் ஜேசிபி வருகிறது. ஆவாரை மொட்டுக் கட்டும் சமயம் அது. ஐப்பசி மழைக்கு முளைத்த பூளையும் அப்போதுதான் வெள்ளைக் கதிர் விடுகிறது. இரண்டும் ஒரே வாரலில் போய்விடுகின்றன.

2. பொங்கலுக்கு முந்தின நாள் கொத்துச் செருகும் காப்புக்கட்டுக்கு ஆவாரை, பூளை, வேப்பிலை மூன்றும் வேண்டும். வீட்டு நிலைக்கு, மாட்டுக் கட்டுத்தறிக்கு, கிணற்றுக்கு, காட்டுச் சனிமூலைக்கு என்று ஒரு வீட்டுக்கே ஏழெட்டுக் கொத்து ஆகும். கரட்டடியில் குடியிருந்துகொண்டு இப்போது அதைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதுவும் வாடிய கொத்து.

3. சீமைக்கருவேலத்தை ஒழிக்கத்தான் இந்த வேலை என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். அதை ஒழிப்பதில் எங்களுக்கும் சம்மதமே. ஆனால் நடப்பது என்ன? சீமைக்கருவேலத்தை அடிமரத்தோடு அறுத்து விறகுக்கு ஏற்றிவிட்டுத் தூரை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். அது இரண்டு மழைக்குள் நாலு கிளையாக எழும்புகிறது. ஆவாரை அப்படி இல்லை. முழங்கால் உயரம் விட்டு அரிவாளால் வெட்டினால் மறுபடி துளிர்த்துப் பூக்கும், வேரோடு பெயர்த்தால் முடிந்தது கதை. வேரோடு எடுக்க வேண்டியதை அறுக்கிறார்கள், அறுத்தால் போதுமானதை வேரோடு எடுக்கிறார்கள்! விதை விழுந்து கிடந்த மேல்மண்ணையும் பக்கெட் வழித்துக் கரையில் கொட்டிவிடுகிறது. ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி, சட்டென்று முளைக்காது. அதற்குள் சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடுமாடு அதே தடத்தில் புழுக்கையும் சாணமும் போட்டுப் போகிறது. அந்த விதை முந்திக்கொண்டு மொட்டைத் தரையைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, முள்ளை ஒழிக்க வந்த வண்டி முள்ளுக்குத்தான் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறது. இதைத்தான் ஆடி மனுவிலும் எழுதினோம், புரட்டாசி மனுவிலும் எழுதினோம். யாராவது படித்தார்களா? கோயில் மேட்டில் பிடுங்கிப் போட்ட குவியலைத் தாங்களே வந்து பாருங்கள். வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்த ஒரு செடி மூன்று நாள் பூத்துவிட்டுத்தான் காய்ந்தது.

4. குட்டைக்கரையில் நோம்பியன்று குடிநீர்த் தொட்டி, பெண்களுக்குத் தற்காலிகக் கழிப்பிடம். இதுவும் பழைய கோரிக்கைதான்.

5. செலவு பெரிதல்ல ஐயா. தை முடியும்வரை இட்டேரியில் வண்டி இறங்கக் கூடாது, களைக்கொல்லியும் அடிக்கக் கூடாது. அதன்பிறகு சீமைக்கருவேலத்தை மட்டும் தூரோடு தோண்டட்டும். கிளுவை வேலியைத் தொட வேண்டாம். காய்ந்த ஆவாரை நெற்றுகளைப் பங்குனிக்குள் நாங்களே உருவித் தருகிறோம். விதையைச் சுடுதண்ணீரில் போட்டு, ஆறியபின் ஓர் இரவு ஊறவிட்டு, மழை இறங்கியதும் மூன்றடிக்கு ஒரு குழியாக இரு கரையிலும் ஊன்றினால் போதும். நூறு நாள் வேலையில் உள்ள பெண்களுக்கு இது தெரியாத வேலையா? கொத்தைக் கிள்ள வேண்டும், கிளையை ஒடிக்கக் கூடாது என்று வெளியூரிலிருந்து வருவோருக்கு ஒரு பலகை வைத்தால் நல்லது. அதை நாங்களே எழுதிக்கொள்கிறோம், அனுமதி மட்டும் கொடுங்கள். அந்த அனுமதிக்கும் ஒரு மனு தனியாக எழுத வேண்டுமா என்று தெரிவிக்கவும்.

இந்த ஆண்டும் பாதித் தடம் போய்விட்டது. வண்டி இப்போது கோயில் மேட்டில் நிற்கிறது. அங்கிருந்து குட்டை வரைக்கும் உள்ள பாதியில்தான் மிச்சப் பூ இருக்கிறது. வண்டி திங்கட்கிழமை இறங்கும் என்கிறார்கள். அதற்கு முன் ஓர் உத்தரவு போதும். அந்தப் பாதியையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள் ஐயா. தை 3க்குக் கூடையோடு வருகிற பெண்களுக்குப் பறிக்கப் பூ இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கரட்டடி ஊர்ப் பெண்களும் பொதுமக்களும்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், ஆவாரங்கொத்து ஒன்று, வேரோடு.