அப்பாவுக்கு, அங்காராவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா, இல்லை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளா? பிப்ரவரி முடியப் போகிறது, குளிர் இன்னும் விட்ட பாடில்லை. துவைத்த துணியெல்லாம் ஹீட்டர் மேல்தான் காய்கிறது.

போன வாரம் ஃபோனில், "பேரன் என்னத்தையோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கானே, என்ன அது?" என்று கேட்டீர்கள். அது ஃபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தமிழாசிரியருக்கு எழுதுகிறேன், பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அவன் முணுமுணுப்பது துருக்கியின் தேசிய கீதம். 'இஸ்திக்லால் மார்ஷி' என்று பெயர். இஸ்திக்லால் என்றால் சுதந்திரம். மொத்தம் 10 பா, 41 அடி. ஒன்பது பாவுக்கு நாலு நாலு அடி, கடைசிப் பாவுக்கு மட்டும் ஐந்து. பாடுவது முதல் இரண்டு பாக்களைத்தான். ஆனால் மார்ச் 12, அதை நாடாளுமன்றம் ஏற்ற நாள், நெருங்கினால் பள்ளிகளில் பத்துப் பாவையும் பார்க்காமல் ஒப்பிக்கிற போட்டி வைக்கிறார்கள். நாலாம் வகுப்பில் அவனும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்.

இந்தப் பாட்டு எனக்கு அறிமுகமானதே ஓர் அசட்டுத்தனத்தில்தான். இங்கே திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்கும் முன்பும் வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போதும் கீதம் பாடுவார்கள். செப்டம்பரில் முதல் திங்கட்கிழமை, இவனை உள்ளே அனுப்பிவிட்டு டோல்முஷ் என்கிற ஷேர் வேனைப் பிடிக்க வேகமாக நடக்கிறேன். ஒலிபெருக்கியில் இசை ஆரம்பித்தது. எனக்கு என்ன தெரியும், நடந்துகொண்டே இருந்தேன். கொஞ்ச தூரம் போனதும்தான் தெருவே நின்றுபோயிருப்பது தெரிந்தது. தலையில் தட்டு நிறைய எள் ஒட்டிய வளைய ரொட்டியை வைத்திருந்த சிமித்காரர், கழுத்தை அசைக்காமல் கம்பம் மாதிரி நிற்கிறார். ஒருவர் கார் கதவைத் திறந்து இறங்கி நிற்கிறார். ஒரு கிழவி என் கோட்டுக் கையை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினாள். திட்டவில்லை. பாட்டு முடிந்ததும் கையை விட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்கக் காது சுட்டது.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரைத் தெய்ஸே என்கிறார்கள், அம்மாவின் உடன்பிறந்தவளைக் கூப்பிடுகிற முறை அது. நம் ஊரில் பெரியம்மா, சித்தி என்று பிரிப்போம், இவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். சாயங்காலம் சாயங்காலம் டீ போட்டு வைத்துக்கொண்டு இவனுக்கு அடி அடியாகச் சொல்லித் தருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன்.

முதல் சொல்லே 'கோர்க்மா'. அஞ்சாதே! எத்தனையோ நாட்டுக் கீதங்கள் வாழ்க, வெல்க என்று வாழ்த்தோடு தொடங்கும். இது பயந்துபோயிருக்கிற ஒருவன் தோளில் கை வைத்துத் தொடங்குகிறது. பயப்படக் காரணமும் இருந்தது. 1921 தொடக்கம், இஸ்தான்புல் நேசநாட்டுப் படைகள் கையில், மேற்கே கிரேக்கப் படை. அங்காராவில் ஒரு நாடாளுமன்றம் கூடியிருந்ததே தவிர குடியரசு என்று ஒன்று அப்போது கிடையாது, அது 1923 அக்டோபரில்தான் வந்தது. நாடு வருவதற்கு முன்னாலேயே அதன் பாட்டு வந்துவிட்டது, அப்பா.

அந்த முதல் இரண்டு அடியை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்:

அஞ்சாதே, இவ்விடியல்களில் மிதக்கும் செங்கொடி அணையாது,
என் நாட்டில் புகையும் கடைசி அடுப்பு அணையும்வரை.

கொடி எப்படி அணையும் என்று நான் கேட்டேன். தெய்ஸே சிரித்தார். கவிஞர் கொடியை விளக்குச் சுடர் போல வைத்துப் பாடியிருக்கிறாராம். கொடிக்கும் அடுப்புக்கும் ஒரே வினைச்சொல். அடுப்பு என்பதற்கு அவர்கள் சொல் 'ஓஜாக்'. அதற்குக் குடும்பம், குலம் என்றும் பொருள் உண்டு. "உன் ஓஜாக் அணைந்து போக" என்பது இந்த ஊரில் பெரிய சாபமாம். அம்மாவிடம் சொல்லுங்கள், அடுப்பை வைத்துத் தேசிய கீதம் தொடங்குகிற ஊரில் இருக்கிறேன் என்று.

இரண்டாம் பா உங்களுக்குத்தான். அதில் கவிஞர் கொடியில் இருக்கிற பிறையோடு பேசுகிறார். "முகத்தைச் சுளிக்காதே, நான் உனக்குப் பலியாகிறேன், செல்லம் கொஞ்சும் பிறையே. என் வீர இனத்தைப் பார்த்து ஒரு தரம் சிரி, என்ன இந்தக் கோபம்?" கொடி ஊடுகிறது, அப்பா! போர் நடக்கிறபோது எழுதிய பாட்டில், பழைய காதல் கவிதைகளில் காதலி செய்கிற பிணக்கைக் கொடிக்குக் கொடுத்திருக்கிறார். கடைசி அடியில் சிலேடை வேறு. 'ஹக்' என்றால் உரிமை, அதுவே இறைவனின் பெயரும்கூட. இறைவனைத் தொழும் என் மக்களின் உரிமை விடுதலை என்று முடிகிறது. பத்தாம் பாவும் இதே அடியில்தான் முடிகிறது. எதுகை, மோனையெல்லாம் தேடாதீர்கள். பத்தாம் பாவில் ஓர் அடியைத் தவிர, ஒவ்வொரு பாவிலும் எல்லா அடியும் ஒரே இயைபில் முடியும். முதல் பாவில் பாருங்கள்: சன்ஜாக், ஓஜாக், பர்லயஜாக், அன்ஜாக். யாப்பு பாரசீகக் கவிதை வழி வந்த 'அரூஸ்', குறில் நெடில் கணக்கு வைத்து அசை பிரிப்பது.

அப்புறம் மெட்டு. இதற்காகவே உங்களை நினைத்துக்கொண்டேன். 1924இல் அலி ரிஃபாத் சகதாய் போட்ட மெட்டைப் பாடி வந்தார்கள், 1930இல் அதை விட்டுவிட்டு ஒஸ்மான் ஸெகி உங்கோரின் மெட்டுக்கு மாறினார்கள். இன்றும் அதுதான். வாத்தியக் குழுவுக்கு அமைத்துக் கொடுத்தவர் எட்கர் மனாஸ், ஆர்மீனியர். மெட்டு கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஷஃபக்லர்தா' என்ற ஒரு சொல்லை, அதாவது 'விடியல்களில்' என்பதை, 'ஷஃபக்' என்று அறுத்து மூச்சு விட்டு, அப்புறம் 'லர்தா' என்று தொடங்க வேண்டியிருக்கிறது. 'விடியல்' என்று நிறுத்தி, 'களில் மிதக்கும்' என்று பாடுவது போல! வகுப்பில் நீங்கள் வகையுளி என்று சொல்லித் தருவீர்களே, அதேதான். தெய்ஸேயிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். இதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறீர்களா என்று ஆச்சரியப்பட்டு எழுதி வைத்துக்கொண்டார். பேசும்போது பாட்டு அழகாக இருக்கிறது, பாடும்போது கால் இடறுகிறது. ஒப்பித்தல் போட்டி வைப்பது இதனாலும் நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது.

எழுதியவர் மெஹ்மெட் ஆகிஃப் எர்சோய். படித்தது கால்நடை மருத்துவம். கீதத்துக்காக அரசு போட்டி அறிவித்து 500 லிரா பரிசு என்றது. 724 பாட்டு வந்து சேர்ந்தது, ஒன்றும் திருப்தியாக இல்லை. இவரோ பணம் வைத்திருக்கிற போட்டிக்கு எழுத மாட்டேன் என்று ஒதுங்கியிருந்தார். கல்வி அமைச்சர் ஹம்துல்லா சுப்ஹி கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் எழுதினார். அவர் தங்கி எழுதிய தாஜெத்தின் தெர்காஹ் என்கிற சூஃபி மடம் இங்கே ஹமாமொனு பகுதியில், பள்ளிவாசலை ஒட்டிய சின்ன மாடி வீடு. இப்போது அருங்காட்சியகம். போன மாதம் இவனை அழைத்துப் போனேன். காகிதம் கைக்கு அகப்படாமல் ஓர் இரவு சுவரிலேயே அடிகளைக் கீறி வைத்தார் என்று கதை சொல்கிறார்கள். இவன் சுவர் சுவராகத் தடவிப் பார்த்துவிட்டு, "அழிச்சிட்டாங்கம்மா" என்றான்.

பரிசுப் பணத்தை ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொழில் கற்றுத் தரும் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குளிரில் அவருக்குச் சொந்தமாக மேல்கோட்டு இல்லை, நண்பருடையதை வாங்கிப் போட்டுக்கொள்வாராம். தன் கவிதைகளைத் தொகுத்த 'சஃபஹாத்' நூலில் இதை மட்டும் சேர்க்கவில்லை, இது மக்களுடையது என்று சொல்லிவிட்டார்.

ஆனால் நாடு வந்த பிறகு அவருக்கு இங்கே ஒட்டவில்லை. ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர், புதிய குடியரசு போன திசை வேறு. எகிப்துக்குப் போய்க் கெய்ரோவில் துருக்கி மொழி கற்பித்துப் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தார். நோயோடு திரும்பி வந்து 1936 டிசம்பரில் இஸ்தான்புல்லில் இறந்தார். அரசு மரியாதை இல்லை. கல்லூரி மாணவர்கள்தான் சவப்பெட்டியைத் தூக்கிப் போனார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது தெய்ஸே டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

தெய்ஸே வீட்டுக் கூடத்தில், குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் படம்தான் பெரிது. தெய்ஸேக்குப் பிடித்தது மூன்றாம் பா: "எந்தப் பைத்தியக்காரன் எனக்குச் சங்கிலி போடுவானாம்?" தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஐந்து வேளையும் தொழுகிறவர். அவருக்குப் பிடித்தது எட்டாம் பா, பாங்கோசை என் மண்ணின் மேல் என்றும் ஒலிக்கட்டும் என்று வேண்டுகிற பாட்டு. இவர்கள் இருவரும் அரசியல் பேச ஆரம்பித்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் இவன் ஆறாம் பாவில் தடுக்கி நின்றபோது, "கால் வைக்கும் இடத்தை வெறும் மண் என்று கடந்து போகாதே" என்று அன்று கடையில் இருவரும் ஒரே மூச்சில் எடுத்துக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. 41 அடியிலும் 'துருக்கியர்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. என் மக்கள், என் நாடு, என் இனம் என்றுதான் வரும். நான் இரண்டு முறை விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். ஆகிஃபின் அப்பா அல்பேனியர் என்பதால் அப்படியோ என்று தெய்ஸேயிடம் கேட்டேன். "வீட்டுக்குள் இருந்துகொண்டு யாராவது தன் வீட்டு விலாசத்தைச் சொல்லுவார்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றினார்.

எட்டு பா தேறிவிட்டது. ஒன்பதாவதில் பழைய அரபுச் சொற்கள் அதிகம், இங்கே பிறந்த பிள்ளைகளே அகராதி பார்க்கிறார்கள், இவன் பாவம். அடுத்த ஞாயிறு உங்கள் கணக்குக்கு இரவு எட்டு மணிக்கு ஃபோன் போடுவான். பத்தையும் தாத்தாவிடம் ஒப்பிக்க வேண்டுமாம். தாத்தாவுக்குப் புரியாதேடா என்றேன், "தப்பு விட்டா தாத்தா கண்டுபிடிச்சிடுவாங்க" என்கிறான். முடிந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், நன்றாக மூடி போட்டு, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்