வில்லிசைக் கலைஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், கதையைத் தலைமையேற்றுப் பாடும் மூத்த அண்ணாவிகளுக்கும், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை வாசிக்கும் கலைஞர்களுக்கும், கொடை என்னும் கோயில் விழா நடத்தும் ஊர்களிலிருந்து வந்திருக்கும் கமிட்டியாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிய உறுப்பினர் பட்டியல் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மாதக் கூட்டங்களில் பேசித் தீர்மானித்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். வில்லுக்கு மவுசு குறைந்துவிட்டது என்ற பேச்சு எல்லாக் கூட்டத்திலும் எழுந்தது. பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டின் சொல் புரியாமலும் குடத்தின் சத்தம் எட்டாமலும் இருக்கையில் மவுசைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். என் கருத்தும் அதுதான். ஆகவே கருவிகளிலிருந்து தொடங்குகிறேன்.

வில்லும் நாணும்

பனை வைரத்தில் செய்த வில்லே இன்றும் நமக்கு உகந்தது. நீளம் பத்தடிக்குக் குறைந்தால் நாணில் துள்ளல் இராது. பதினான்கு அடியைத் தாண்டினால் வேனில் ஏற்ற முடியாது. நடு பருத்து இரு முனையும் ஒரே அளவாக மெலிந்து வர வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகச் சீவிவிட்டால் அந்தப் பக்கமே அதிகம் வளையும். வலத்தே அடிக்கும் வீச்சும் இடத்தே அடிக்கும் வீச்சும் வேறு வேறாகக் கேட்கும். புதுவில் வாங்குகிறவர்கள் நாணைப் பூட்டி, இரு புறமும் தட்டிப் பார்த்த பிறகே முழுப் பணம் கொடுக்க வேண்டும்.

நாண் மாட்டுத்தோல் வாரை முறுக்கியது. பனி இறங்கும் இரவிலும் ஆற்றங்கரைக் கோயில்களிலும் அது ஈரம் குடித்துத் தொய்யும். தொய்ந்த நாணில், அதை அடிக்கும் வீசுகோல் துள்ளி எழாது, மணியும் பிந்தி ஒலிக்கும், பாடுகிறவர் தன்னையறியாமலே தாளத்தின் காலத்தைத் தளர்த்திவிடுவார். அதனால் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே பூட்டிவிட்டு, அரை மணி கழித்து இன்னொரு தடவை இழுத்துக் கட்ட வேண்டும். அவசரத்துக்கு நெருப்பில் காட்டும் பழக்கம் வேண்டாம். அப்போதைக்கு இறுகினாலும், தோல் மொரமொரத்துப்போய் அடுத்த கொடையில் நடுக்கதையில் அறுந்துவிடும். மாதம் ஒரு தடவை துணியில் விளக்கெண்ணெய் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும்; ஊற வைத்தால் நாண் நிரந்தரமாக நீண்டுவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் நாணை இறக்கிவிடுங்கள். பூட்டியபடியே சுவரில் சாய்த்து வைக்கும் வில், வளைவிலேயே நின்று விறைப்பை இழக்கும்.

நைலான் கயிறு பற்றி இரண்டு கூட்டங்களில் விவாதம் நடந்தது. பனிக்கு அஞ்ச வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அது இழுக்க இழுக்க நீளும், அடிக்குச் சத்தமும் மெலிவு. மழைக்காலத்துக்கு மாற்றாக ஒன்று பையில் வைத்துக்கொள்ளலாம், கொடைக்குத் தோல்நாணே பூட்ட வேண்டும் என்று தீர்மானித்தோம்.

மணிகளை ஒன்றோடொன்று இடிக்காத இடைவெளியில் கட்டுங்கள். நாக்கு தேய்ந்த மணி ஒன்றிருந்தாலும் வில் முழுதும் சளசளவென்று கேட்கும். வீசுகோலின் வெண்கலக் குமிழுக்குள் இருக்கும் பரல் குறைந்துவிட்டதா என்று காதருகே குலுக்கிப் பாருங்கள்.

குடம்

சமையல் பானையை வாங்கி வந்து குடமாக வைப்பதுதான் புதிய குழுக்களில் அதிகம் காணும் கோளாறு. அதன் சுவர் மெல்லியது, கழுத்து அகலம். வில்லுக்குரிய குடத்துக்கு வயிறு பருத்து, வாய் குறுகி, சுவர் சீராகத் தடித்திருக்க வேண்டும். வாயைப் பத்தி என்னும் அடிமட்டையால் அடிக்கும்போது எழும் ஆழ்ந்த நாதம் உள்ளே அடைபட்ட காற்றின் நாதம். வயிறு பெரிதாகவும் வாய் சிறிதாகவும் இருந்தால் அது கீழே இறங்கும். சிறிது தண்ணீர் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து நாதம் மேலேறும். ஆர்மோனியத்தோடு பாடும் குழுக்கள் சுருதிக்கு அருகே கொண்டுவர இந்த வழியைப் பயன்படுத்தலாம். ஆனால் கழுத்தில் காசால் தட்டும் கூரிய ஒலி தண்ணீரால் மாறாது. அது மண்ணையும் சூளையையும் பொறுத்தது. வாங்கும்போது விரல் முட்டியால் கழுத்து, தோள், அடி மூன்றிலும் தட்டுங்கள். எங்காவது ஒலி செத்துப்போனால் அங்கே வேகாத மண்ணோ மயிரிழை விரிசலோ இருக்கிறது.

பத்திக்குக் கமுகம்பாளைதான் சிறந்தது. ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த பத்தி அதிக நாள் உழைக்கும் என்றாலும், அடித்தபின் வாயில் ஒட்டி எழுவதால் வேகமான இடத்தில் அடி குழைகிறது. குடத்தைத் தாங்கும் வைக்கோல் பிரிமணை கனமாக இருக்கட்டும். மேடைப் பலகையில் நேரடியாகக் குடம் உட்கார்ந்தால் பலகையும் சேர்ந்து முழங்கி, ஒவ்வொரு அடிக்கும் வால் நீளும்.

ரேடியோ செட்

கமிட்டியார் கவனிக்க வேண்டிய பகுதி இது. கலைஞருக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டினால் ஊளைச் சத்தம் நிச்சயம். பெட்டிகள் கலைஞரின் வரிசைக்கு முன்னே, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அண்ணாவிக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று போதும். குடத்து மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள்; அடிக்கும்போது வெளிவரும் காற்று மைக்கில் மோதி ‘பொம்’ என்று வெடிக்கும். ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். வில்லுக்குத் தனி மைக் வேண்டாம், அண்ணாவியின் மைக்கே மணியைப் பிடித்துக்கொள்ளும். எக்கோவை முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். வில்லுப்பாட்டு கதை சொல்லும் கலை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுந்தால் கதை போய்விடும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை தளர்வு தர அரசுக்கு அதிகாரம் உண்டு. இரவில் நடக்கும் சாமக்கொடை பன்னிரண்டைத் தாண்டும் ஊர்களில் மைக் இல்லாமல் பாட நாம் தயாராக இருக்க வேண்டும். கூட்டத்தை நெருங்கி உட்காரச் சொன்னால் குடமும் வில்லும் தாராளமாகக் கேட்கும். அவை மைக் வருவதற்கு முன்பே பிறந்த கருவிகள்.

இரண்டு மணி நேரக் கதை

விடிய விடியப் பாடிய கதையைக் கமிட்டி இன்று இரண்டு மணி நேரத்தில் கேட்கிறது. மேடைக்கும் வானொலிக்கும் ஏற்றபடி கதையைச் சுருக்கிய வழி நம்மிடம் உண்டு. சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் அதில் முன்னோடி. ஆனால் கோயில் கொடைக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. கோயிலில் கதைக்குரிய தெய்வமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நடைமுறையில் நடப்பது இது: காப்பு, குருவடி, அவையடக்கம் ஆகிய தொடக்கப் பாட்டுகள், சிரிப்பு என்று முதல் ஒரு மணி நேரம் போய்விடுகிறது, கடைசி இருபது நிமிடத்தில் கதைநாயகனின் மரணமும், வாழ்த்தி முடிக்கும் வாழியும் அடித்துப் பிடித்து ஓடுகின்றன. முத்துப்பட்டன் கதையை வைத்து ஒரு கூட்டம் முழுக்க இதை அலசினோம். அண்ணன்மாரோடு பிரிவு, பொம்மக்கா திம்மக்காளைக் காண்பது, அவர்கள் தகப்பன் வாலப்பகடையிடம் பெண் கேட்பது ஆகியவற்றைப் பாட்டைக் குறைத்து வசனத்தில் கடக்கலாம். கல்யாண இரவிலேயே மாடு கவர்ந்த செய்தி கேட்டுக் காவலுக்குப் புறப்படும் இடத்திலிருந்து ஒரு வரியும் வெட்டக் கூடாது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனுக்குச் செருப்பு காணிக்கை போடும் சனம் அந்த இடத்துக்காகவே உட்கார்ந்திருக்கிறது. காப்பு முதல் அவையடக்கம் வரை 15 நிமிடம், பிறப்பும் வளர்ப்பும் 25, கல்யாணம் வரை 30, மரணம் 40, வாழி 10 என்ற பங்கீட்டை உறுப்பினர்கள் பழகிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சாமியாடிக்கு அருள் ஏறும் இடத்தில் அண்ணாவி அடுத்த கட்டத்துக்குத் தாவக் கூடாது. அதே அடிகளைத் திருப்பிப் பாடி, உடுக்கையை முன்னே விட்டு, காலத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். சாமி இறங்கியதும் வேகத்தை ஒரேயடியாக வெட்டாமல் தணித்துக் கதைக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் சினிமா மெட்டு அறவே கூடாது என்பதில் மூத்தவர் இளையவர் வேறுபாடில்லாமல் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஏடுகள்

பாட்டுக் கதைகளைப் பதிப்பித்து நாட்டார் வழக்காற்றியலுக்கு வழி திறந்தவர் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை. அந்த வேலையில் நம் பங்காக, உறுப்பினர் வீடுகளில் உள்ள கதைப்பாட்டு நோட்டுகளைப் படமெடுக்கும் பணி தொடங்கியிருக்கிறது. பிளாஷ் போடாமல், பகல் வெளிச்சத்தில், பக்கத்தின் நான்கு ஓரமும் தெரிய எடுங்கள். ஓரத்தில் கிறுக்கிய குறிப்பில்தான் ‘இங்கே உடுக்கை’, ‘இங்கே வசனம்’ என்று இருக்கும். நோட்டில் பாட்டு இருக்கும், மெட்டு இருக்காது. ஆகவே ஒவ்வொரு மெட்டு மாற்றத்துக்கும் ஓர் அடியையாவது பாடிப் பதிவுசெய்து, பக்க எண்ணைச் சொல்லிச் சேமிக்க வேண்டும். பெண் அண்ணாவிகளின் நோட்டுகளை முதலில் எடுக்கிறோம். பூங்கனி அம்மாள் 2018இல் மறைந்தபோது அவர் குரலோடு எத்தனை மெட்டு போயிற்று என்பதை அவர் பாடிக் கேட்டவர்கள் அறிவார்கள்.

நலவாரியம்

நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை எல்லோரும் எடுத்துவிடுங்கள். மனு திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் ஆதாரிலும் மற்றச் சான்றுகளிலும் பெயரும் முதலெழுத்தும் ஒத்துப்போகாமை. சான்றாகக் காட்டும் கொடை நோட்டீசில் குழுவின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் பெயரை அச்சிடும்படி கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வரும் ஆண்டு

காருகுறிச்சிக் குயவர்களிடம் குடங்களுக்கு மொத்தமாகச் சொல்ல இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைக் குடம் நிழலில் சீராக உலராது. உலராததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். ஆகவே தையில் மண் மிதித்து, மாசியில் சுட்டு, பங்குனி உத்திரத்துக்கு முன் கையில் கிடைக்க வேண்டும். வயிற்றுச் சுற்றளவு, வாய் அகலம், வேண்டிய சுருதி மூன்றையும் எழுதி மார்கழி முடிவதற்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்