வெளிநாட்டு மாணவர் மாநாட்டுக்குப் போற நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில காலேஜுங்க இருக்கிற பக்கமா பதினாலு வருசமா ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சென்டரும் வச்சிருக்கேன். ஸ்காலர்ஷிப், பரீட்சை பீஸ், பாஸ்போர்ட்னு எல்லாத்துக்கும் பிள்ளைங்க இங்கதான் வருவாங்க. இப்ப ரெண்டு மூணு வருசமா புதுசா ஒண்ணு வருது, வெளிநாட்டுல நடக்கிற மாணவர் மாநாட்டுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பி செலக்ட் ஆயிட்டு, அந்த மெயிலை போன்ல காட்டிக்கிட்டே "அண்ணாச்சி இனி என்ன செய்யணும்"னு ஓடி வருதுங்க. முகத்துல இருக்கிற அந்தச் சந்தோசத்தைப் பார்த்தா நமக்கே வயிறு நிறைஞ்சிரும். அதுல பாதிப் பேர் கடைசியில போகாமலே நின்னு போறதையும் நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன், அதனாலதான் இந்தக் கடிதம்.

மாநாடு நடத்துறவங்க அனுப்புற தகவல் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஏர்போர்ட்ல இருந்து எந்த ட்ரெயின் ஏறணும், ஹாஸ்டல் எத்தனை மணிக்குத் திறக்கும், பிளக் எப்படி இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்கன்னு இருக்கும். ஆனா அதெல்லாம் ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்ல இறங்கின பிள்ளைக்கு எழுதினது. முக்கூடல்ல இருந்தும் அம்பாசமுத்திரத்துல இருந்தும் கிளம்புற பிள்ளைக்கு அதுக்கு முன்னாடியே நாலு இடத்துல கால் தட்டுது, அதை யாரும் எழுதுறதில்ல. என் மக இயற்பியல் படிக்கா, போன 2025 ஆகஸ்ட்ல ஜெர்மனியில ஒரு மாணவர் மாநாட்டுக்குப் போய்ட்டு வந்தா. அதுக்கு முந்தின வருசம் வேற ஒரு நாட்டுக்கு விசா போட்டு ரிஜெக்ட் ஆச்சு. ரெண்டையும் பார்த்த அனுபவத்துல சொல்லுதேன்.

முதல்ல பேரு. நம்ம ஊர்ல அப்பா பேர்ல முதல் எழுத்தை இனிஷியலா போட்டு ஒரே பேரோட நிப்பாட்டிருவோம். பாஸ்போர்ட் பார்ம்ல சர்நேம்னு ஒரு கட்டம் வரும், அதைக் காலியா விட்டுட்டுப் போயிருவாங்க. அப்புறம் மாநாட்டு பார்ம்ல லாஸ்ட் நேம் இல்லாம அடுத்த பக்கத்துக்கே போகாது, பிள்ளை அவசரத்துல இனிஷியலை அடிச்சு விட்டுரும், ஏர் டிக்கெட்ல அப்பா பேரு முழுசா வரும், இன்விடேஷன் லெட்டர்ல ஒரு மாதிரி, இன்சூரன்ஸ்ல ஒரு மாதிரின்னு ஒரே பிள்ளைக்கு நாலு பேர் ஆயிரும். விசா கவுண்டர்ல இருக்கிறவருக்கு நம்ம இனிஷியல் வழக்கம் தெரியணும்னு கட்டாயமா என்ன? அதனால பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பேரையோ அம்மா பேரையோ சர்நேம் கட்டத்துல முழுசா போட்டுருங்க. ஏற்கனவே எடுத்தாச்சுன்னா பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்துலயும் போடுங்க. மாநாட்டுக்காரங்களுக்கு ஒரு மெயில் போட்டு, பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே லெட்டர் தாங்கன்னு கேட்டா மறுநாளே மாத்தித் தந்துருவாங்க, என் மகளுக்கு அப்படித்தான் தந்தாங்க.

பாஸ்போர்ட்டுக்கு மதுரைக்கு ஓட வேண்டாம், மதுரை ஆபீஸுக்குக் கீழ திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரா இருக்கு. சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், தத்கால்னா மேல 2000. முதல் வருசம் காலேஜ் சேர்ந்த உடனே எடுத்து வச்சிருங்கன்னு பெத்தவங்க எல்லாருக்கும் நான் சொல்லுதேன். செலக்ட் ஆன பிறகு எடுக்கப் போனா போலீஸ் வெரிபிகேஷன் வர்றதுக்குள்ள விசா தேதி கையை விட்டுப் போயிரும்.

அடுத்தது பேங்க் புக். எங்க வீட்டுல தப்பு நடந்த இடம் இதுதான். விசாவுக்கு அக்கவுண்ட்ல பணம் இருக்கணும்னு ஒரு ஏஜென்ட் சொன்னாரு, நானும் வீட்டு நகையை அடகு வச்சு மூணரை லட்சத்தை ஒரே நாள்ல என் அக்கவுண்ட்ல போட்டு, அடுத்த வாரம் ஸ்டேட்மெண்ட் எடுத்துக் கொடுத்தேன். ரிஜெக்ட் ஆகி வந்த பேப்பர்ல வரிசையா காரணம் அச்சடிச்சிருந்தது, அதுல ரெண்டு கட்டத்துல டிக். ஒண்ணு போற நோக்கம் சரியா நிரூபிக்கப்படலைன்னு, இன்னொண்ணு திரும்பிப் போவாங்கன்னு நம்பிக்கை இல்லைன்னு. என் மக அந்தப் பேப்பரை மடிச்சு பிசிக்ஸ் புக்குக்குள்ள வச்சுக்கிட்டு ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசல. அடகு வட்டி ஒரு பக்கம் போச்சு, அதை விடுங்க, திரும்பி வரமாட்டேன்னு நினைச்சிட்டாங்களேப்பான்னு அவ கேட்டதுதான் இன்னும் என் காதுல நிக்கு.

திடீர்னு வந்து விழுந்த பணத்தை அவங்க நம்புறதில்ல. மூணு மாசத்துக்குக் குறையாம வரவும் செலவும் இயல்பா ஓடின ஸ்டேட்மெண்ட்தான் கேக்காங்க, தொகை கொஞ்சம் குறைஞ்சாலும் அது எங்க இருந்து வருதுன்னு தெரியணும். சம்பளம் வாங்குறவங்களுக்கு சம்பள ஸ்லிப்பும் வருமான வரி பேப்பரும் இருக்கு. வாழை போட்டிருக்கிறவங்க என்ன காட்டுவாங்க? பட்டா, சிட்டா, அடங்கல், வாழைத்தார் ஏலம் போட்ட சீட்டு, சொசைட்டி பாஸ் புக், இதெல்லாம் காட்டலாம், தமிழ்ல இருக்கிறதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து கூட வச்சிரணும். பீடி சுத்தி படிக்க வைக்கிற அம்மாவோட பிள்ளையும் என் கடைக்கு வந்திருக்கு. அப்படிப் பிள்ளைங்க முதல்ல மாநாட்டுக்காரங்ககிட்டயே பதிவுக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா, தங்குறதுக்கு உதவி உண்டான்னு கூச்சப்படாம கேக்கணும். மாணவர் மாநாடு நடத்துறவங்களும் மாணவங்கதான், நிறைய இடத்துல அதுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வச்சிருப்பாங்க. அவங்க தங்குற செலவையும் சாப்பாட்டையும் ஏத்துக்கிட்டா அந்த வரியை இன்விடேஷன் லெட்டர்லயே தெளிவா எழுதித் தரச் சொல்லுங்க, அப்ப அது விசாவுக்கும் ஆதாரமா நிக்கும். கூடவே காலேஜ் முதல்வர் கையெழுத்துப் போட்ட லெட்டர், இந்தப் பிள்ளை இங்க இத்தனாவது வருசம் படிக்கு, இந்தத் தேதியில செமஸ்டர் திறக்கு, அதுக்குள்ள திரும்பணும்னு தேதியோட. இதுதான் திரும்பி வருவோம்ங்கிறதுக்கு நம்ம கையில இருக்கிற பெரிய சாட்சி. முதல் தடவை எங்ககிட்ட, இந்தக் காலேஜ்ல படிக்கான்னு மட்டும் சொல்ற போனஃபைட் சான்றுதான் இருந்தது.

ஐரோப்பாவுல 29 நாட்டுக்கு ஷெங்கன்னு ஒரே விசாதான். அதிக நாள் தங்குற நாட்டுக்குத்தான் போடணும். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், கிளம்ப 15 நாள் கூட இல்லைன்னா எடுத்துக்க மாட்டாங்க. முடிவு சொல்ல சாதாரணமா 15 நாள், சந்தேகம் வந்தா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். அப்பாயின்ட்மெண்ட்டுக்கு சென்னை மாதிரி விசா சென்டர் இருக்கிற ஊருக்குப் போகணும், கோடை காலத்துல அது கிடைக்கிறதே பெரும்பாடு, அதனால செலக்ட் ஆன மெயில் வந்த அன்னைக்கே உக்காந்து தேதி பாருங்க. பயண இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் 3 மாசம் பாஸ்போர்ட் செல்லணும். கட்டணம் 90 யூரோ, அது போக சர்வீஸ் சார்ஜ். அறிவியல் மாநாட்டுக்குப் போற ஆராய்ச்சியாளர்களுக்கும், லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துற மாநாட்டுக்கு அப்படி ஒரு அமைப்போட பிரதிநிதியா போற 25 வயசுக்குள்ள பிள்ளைங்களுக்கும் அந்த 90 யூரோ கிடையாதுன்னு விதியிலயே இருக்கு. நாம கேக்காம யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாசத்துக்குள்ள எடுத்தது. இதுல ஸ்டுடியோக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள், பிள்ளையை வெளுப்பாக்கி மூஞ்சியை வழவழன்னு ஆக்கிக் குடுக்காதீங்க, கவுண்டர்ல திருப்பி அனுப்பிருதாங்க.

டிக்கெட் போடும்போது லண்டன் வழியா மலிவா இருக்கேன்னு போட்டுராதீங்க, அங்க ப்ளைட் மாறுறதுக்கே நமக்குத் தனி விசா வேணும். நம்ம ஊருக்கு சென்னையை விட திருவனந்தபுரம் ரொம்பப் பக்கம், அங்க இருந்து வளைகுடா வழியா போனா அந்தத் தொல்லை இல்ல.

போஸ்டர் கதையைச் சொல்லியே ஆகணும், மாநாட்டுல நம்ம ஆராய்ச்சியை ஒரே பெரிய தாள்ல அடிச்சு மாட்டி வச்சு பக்கத்துல நின்னு விளக்குறதுதான் போஸ்டர். ஏ ஜீரோ சைஸ்னு கேப்பாங்க, 84 சென்டிமீட்டருக்கு 119, கிட்டத்தட்ட நாலு அடி உயரம். பேப்பர்ல அடிச்சு உருட்டுனா பத்தமடைப் பாயைச் சுருட்டி அக்குள்ல வச்ச மாதிரி இருக்கும், அதைக் கைப்பையா ஏத்துக்குவாங்களோ மாட்டாங்களோன்னு ஏர்போர்ட் வரைக்கும் பயம். வண்ணார்பேட்டையில பேனர் அடிக்கிற தம்பிகிட்ட துணியில அடிச்சுத் தரச் சொன்னோம், சேலை மாதிரி நாலா மடிச்சு லேப்டாப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. அங்க போய் விரிச்சா மடிப்பு கொஞ்சம் தெரிஞ்சது, ராத்திரி பாத்ரூம்ல சுடுதண்ணி ஆவியில தொங்க விட்டாளாம், காலையில நேராயிட்டு. பக்கத்துல நின்ன பிரேசில் பையனோட போஸ்டர் ட்யூப் வழியில எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு, ஏ ஃபோர் பேப்பரா ஒட்டி வச்சு நின்னானாம், பாவம்.

சாப்பாடு கட்டிக் குடுக்குற அம்மாமாருக்கு: ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக்கூடாது, நெய் பாட்டில் வச்சா எடுத்துருவாங்க. கறிவேப்பிலைக் கொத்துக்கும் செடி நோய் இல்லைன்னு சர்டிபிகேட் வேணும், அதை விட்டுருங்க. பருப்புப் பொடி, கோவில்பட்டி கடலை மிட்டாய், உடன்குடி கருப்பட்டி இதெல்லாம் தாராளமா போகும். என் மக ரெண்டு கிலோ கடலை மிட்டாய் கொண்டு போனா, போஸ்டர் பக்கத்துல ஒரு தட்டுல வச்சதும் கூட்டம் சேர்ந்துட்டு. ஊறுகாயும் எண்ணெயும் செக்-இன் பெட்டியில வையுங்க. பவர் பேங்க் அதுக்கு நேர் எதிர், கையில வச்சிருக்கிற பையிலதான் இருக்கணும்.

பணம் கொஞ்சம் யூரோ நோட்டா, மீதி பாரெக்ஸ் கார்டுல, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏத்தி வச்சுக்கிற கார்டுல. நம்ம ஏடிஎம் கார்டு வெளிநாட்டுல தானா வேலை செய்யாது, பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல்னு இருக்கிறதை இங்கயே ஆன் பண்ணிரணும். ஓடிபி நம்ம நம்பருக்குத்தான் வரும், ரோமிங் இல்லைன்னா அந்த ஓடிபி வராது. அங்க கடையில மெஷின் ரூபாயா யூரோவான்னு கேட்டா யூரோன்னே அமுக்குங்க, ரூபாய்னு அமுக்குனா அவங்க ரேட்டுல கணக்குப் போட்டுக் கூடுதலா எடுத்துருவாங்க.

இமிகிரேஷன்ல, 2025 அக்டோபர்ல இருந்து வந்த புது முறைப்படி, போட்டோ எடுத்து, விசாவுக்குக் குடுத்த கைரேகையோட ஒத்துப் பாக்காங்க. இன்விடேஷன் லெட்டர், ரிட்டர்ன் டிக்கெட், தங்குற இடத்து புக்கிங், இன்சூரன்ஸ் இந்த நாலையும் பேப்பரா கையில வச்சுக்கோங்க, போன் சார்ஜ் போயிட்டா அந்த நேரத்துல யாரைக் கேப்பீங்க?

ஜெர்மனிக்குப் போறவங்க ஞாயித்துக்கிழமை போய் இறங்குனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அன்னைக்கு சூப்பர் மார்க்கெட் எல்லாம் பூட்டிக் கிடக்கும், பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல மட்டும் ஏதாவது திறந்திருக்கும். என் மக அன்னைக்கு ராத்திரி நம்ம வீட்டு பருப்புப் பொடியை ரொட்டியில தடவித்தான் சாப்பிட்டிருக்கா. குழாய்த் தண்ணியைத் தைரியமா குடிக்கலாம், காசு குடுத்து வாங்கினா பாட்டிலுக்குன்னு தனியா 25 சென்ட் பிடிப்பாங்க, காலி பாட்டிலை கடையில இருக்கிற மெஷின்ல போட்டா அது திரும்ப வரும். ரயில் ஸ்டேஷன்ல கேட் எதுவும் கிடையாது, நேரா ஏறிரலாம்னு தோணும், ஆனா செக்கர் வந்தா 60 யூரோ அபராதம், சில ஊர்ல டிக்கெட்டை வாங்குனா மட்டும் பத்தாது, மெஷின்ல நீட்டி ஸ்டாம்ப் அடிக்கணும். நம்ம மெல்லிசான ரெண்டு பின் சார்ஜர் அங்க போகும், மூணு பின் லேப்டாப் சார்ஜர் போகாது, அடாப்டர் வாங்கிருங்க. டாய்லெட்ல தண்ணி கிடையாது, வாய் சின்ன பாட்டில் ஒண்ணு பையில இருக்கட்டும், இதைச் சொல்ல வெக்கப்பட்டு யாரும் சொல்றதில்ல, போய் இறங்கின பிள்ளைதான் முழிக்கு. எந்த ஆபத்துக்கும் 112. பாஸ்போர்ட் தொலைஞ்சா முதல்ல போலீஸ்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் இந்தியத் தூதரகத்துக்குப் போகணும். அங்க காலையில 9 மணின்னா கோடையில நமக்கு மதியம் பன்னெண்டரை, அதனால பெத்தவங்க விடியக்காலம் போன் போட்டு பிள்ளையை எழுப்பாதீங்க, என் வீட்டுல முதல் ரெண்டு நாளும் அதான் நடந்தது.

ஐயா, நம்ம பேப்பர் கல்விப் பக்கத்துல இந்த விவரங்களை ஜனவரி, பிப்ரவரியில ஒரு தடவை போட்டீங்கன்னா கோடை மாநாட்டுக்குப் போற பிள்ளைங்களுக்கு நேரம் இருக்கும். காலேஜ் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை, ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்லயும் போய் வந்த பிள்ளைங்க எழுதி வைக்கிறதுக்கு ஒரு நோட்டு போடுங்க. என்ன பேப்பர் கேட்டாங்க, எத்தனை நாள் ஆச்சு, எதுக்கு ரிஜெக்ட் பண்ணாங்க, எவ்வளவு செலவாச்சுன்னு. என் கடையில அப்படி ஒண்ணு ஆரம்பிச்சு ஒம்பது பேர் எழுதியிருக்காங்க, முதல் பக்கத்துல என் மக அந்த ரிஜெக்ட் பேப்பரோட ஜெராக்ஸை ஒட்டி வச்சிருக்கா. யார் வேணாலும் வந்து பார்க்கலாம், காசு கிடையாது, கடை ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஆன்லைன் சென்டர் நடத்தும் ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.