மர்ம வீடியோ போடும் தமிழ் சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அட்லாண்டிக் கடலில் கப்பல்களும் விமானங்களும் மாயமாவதாகச் சொல்லப்படும் பெர்முடா முக்கோணம் பற்றி நீங்கள் வீடியோ போடுவதில் எனக்கு வருத்தமில்லை. நானும் விடாமல் பார்க்கிறவன்தான். ஆனால் "தெளிவான வானம், அமைதியான கடல், திடீரென்று காணோம்!" என்று எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள். அதற்கப்புறம்தானே கதையே இருக்கிறது?

1945 டிசம்பர் 5-ஐயே எடுத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து அமெரிக்கக் கடற்படையின் ஐந்து அவெஞ்சர் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பின. மொத்தம் 14 பேர். இரண்டு திசைகாட்டிகளும் வேலை செய்யவில்லை என்று தலைவர் சார்லஸ் டெய்லர் வானொலியில் சொன்னார். ஃபுளோரிடாவுக்குக் கிழக்கே உள்ள பஹாமாஸ் தீவுகள் பக்கம் பறந்துகொண்டே, ஃபுளோரிடாவுக்குத் தெற்கே உள்ள கீஸ் தீவுகளுக்கு மேலே இருப்பதாக நினைத்துவிட்டார். கீஸிலிருந்து வடகிழக்கே போனால் கரை வரும். பஹாமாஸிலிருந்து அப்படிப் போனால் அட்லாண்டிக்தான். மேற்கே பறந்தால் வீடு போய்விடலாமே என்று கூட வந்த ஒருவர் கடுப்பாகச் சொன்னதுகூடப் பதிவாகியிருக்கிறது. இருட்டிவிட்டது, வானிலையும் கெட்டது. ஏதாவது ஒரு விமானத்தில் எரிபொருள் பத்து காலனுக்குக் கீழே போனதும் எல்லோரும் சேர்ந்து கடலில் இறங்குவோம் என்றார் டெய்லர். இதைவிடவா வேற்றுக்கிரகவாசி கதை நெஞ்சை உலுக்கும்?

அவர்களைத் தேடப் போன மரைனர் விமானமும் 13 பேரோடு காணாமல் போயிற்று. அந்த ரக விமானத்துக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும் என்று அப்போதே பேச்சு உண்டு. அவ்வழியே போன ஒரு எண்ணெய்க் கப்பல், தீப்பிழம்பு எழுந்ததைப் பார்த்ததாகத் தகவல் கொடுத்தது. உங்கள் வீடியோக்களில் இந்தக் கப்பல் மட்டும் எப்படியோ மாயமாகிவிடுகிறது.

சரி, அறிவியலாகச் சொல்கிறோம் என்று கடலடியிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுக் குமிழிதான் கப்பலை மூழ்கடிக்கிறது என்று தூக்கி வராதீர்கள். கடந்த 15,000 ஆண்டுகளில் அந்தப் பகுதியில் பெரிய அளவில் மீத்தேன் வெளியேறியதாகத் தெரியவில்லை என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கருத்து. 1925-இல் நிலக்கரியோடு ஹவானாவுக்குக் கிளம்பிய கோடோபாக்ஸி கப்பலை முக்கோணம் விழுங்கியதாகச் சொல்வீர்களே, அது தண்ணீர் ஏறுகிறது என்று அபாயச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் மூழ்கியது. ஃபுளோரிடா கரைக்கு அப்பால் கிடந்த ஒரு சிதைவு அந்தக் கப்பல்தான் என்று 2020-இல் அடையாளம் கண்டுவிட்டார்கள்.

கிடைக்கவில்லை என்றாலே மர்மம் என்றும் ஆகிவிடாது. 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய இந்திய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் நினைவிருக்கிறதா? அதன் சிதைவுகள் கிடைத்த செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இறக்கிய ஆளில்லாக் கலம், வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் அவற்றைப் படமெடுத்தது. அத்தனை ஆழத்தில் விமானத் துண்டுகளைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமா? கரையில் அந்த 29 குடும்பங்கள் அதுவரை காத்திருந்தன.

அடுத்த வீடியோவில் அன்றைய வானிலை, கையிருப்பு எரிபொருள், கடலின் ஆழம், விசாரணை அறிக்கை சொன்னது, இந்த நான்கையும் தயவுசெய்து சேருங்கள். அதற்கு மேலும் விடை கிடைக்காதவை உண்டு. 2014-இல் 239 பேரோடு காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச்.370 அப்படித்தான். அதை மர்மம் என்று தாராளமாகச் சொல்லுங்கள், நானே ஷேர் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பார்வையாளன்